பத்தாவது குச்சி

ஒரு கல். கல்லின்மேல் ஒரு பலகை.
தாழ்ந்த முனையில் பத்துக் குச்சிகள்.
உயர்ந்த முனையில் அஸ்லாக் குதித்தான்.

பத்தும் பறந்தன,
விரட்டிய குருவிகள் மாதிரி.
நான் பொறுக்கி முடிப்பதற்குள்
எல்லோரும் ஒளிந்துகொள்ள வேண்டும்.
பலகைக்குப் பத்தும் திரும்பி வந்தால்தான்
நான் தேடலாம்.
கெமியார்வியில்
மூன்று குடியிருப்புக்கும் பொதுவான எங்கள் முற்றத்தில்
இதைவிடப் பெரிய சட்டம் கிடையாது.

இரவு மணி பத்தரை.
ஏரிக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் சூரியன்,
போகச் சொல்ல யாருக்கும் மனம் வராத விருந்தாளி.
இந்த மாதம் அது இறங்காது.
இருட்டே கிடைக்காத ஊரில்
ஒளிவது லேசில்லை.
கம்பளம் தட்டும் கம்பிக்குப் பின்னால் நின்றால்
நிழல் முற்றம் முழுக்க நீண்டு
காட்டிக்கொடுத்துவிடும்.
துயிஸ்கு நேற்று அப்படியே நாலு தடவை
பிடிபட்டாள்.

ஒன்று, இரண்டு,
சைக்கிள் கூடைக்குள் மூன்று.
செந்தட்டிப் புதரில் நாலும் ஐந்தும்;
கை எரிந்தது, அம்மா தடைசெய்த வார்த்தையில்
ஒருமுறை திட்டிக்கொண்டேன்.
ஆறு. ஏழும் எட்டும் ஒன்றன்மேல் ஒன்று.
தபால்பெட்டிகளின் கீழே ஒன்பது.

பத்து இல்லை.

விறகு அடுக்கின் இடுக்கில் பார்த்தேன்.
குப்பைக் கொட்டகையின் ஓரத்தில் பார்த்தேன்.
அங்கே நீலோவின் காலணி தெரிந்தது,
காலணிக்குள் நீலோவும்.
ஒன்பது குச்சியோடு
யாரையும் பார்க்க எனக்கு உரிமையில்லை.
அவனும் நியாயமாகக் கண்ணை மூடிக்கொண்டான்.
ஒரு கொசு அவன் நெற்றியில் உட்கார்ந்து
சாவகாசமாகக் குடித்தது.

"இன்னும் கிடைக்கலையா?" என்றது குப்பைக் கொட்டகை.
"இல்லை."
"வேற ஒண்ணை ஒடிச்சுக்கோயேன்," என்றது செடிவேலி.
"அது செல்லாது!" என்றது கம்பளக் கம்பி.
"ஏன் செல்லாது?"
"அது பறக்கவே இல்லையே."

பதில் சொல்ல யாராலும் முடியவில்லை.

சொறிந்துகொண்டே ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள்.
புல்லில் தவழ்ந்தோம்,
பிடிபடாத நாலு பேரும் பிடிக்காத நானும்,
முட்டியெல்லாம் பச்சை.
அப்போதுதான் எங்கிருந்தோ அஸ்லாக் பாய்ந்து வந்து
பலகையை மிதித்தான்.
ஒன்பது பறந்தன.
"எல்லாருக்கும் விடுதலை!"

"எதிலிருந்து?" என்றாள் துயிஸ்கு.

அவன் யோசித்த நேரத்தில்
ஜன்னல்கள் திறந்து எங்கள் பெயர்களைக் கூப்பிட்டன.
கதவுகள் ஒவ்வொன்றாய்ச் சாத்திக்கொண்டன.
ஒன்பதையும் திரும்பப் பொறுக்கி அடுக்கியது நான்தான்.
தேடுகிறவளின் வேலை, வேறு யார் செய்வார்கள்?

வீட்டில் கம்பளிச் சட்டையைத் தலைவழியே உருவியபோது
தொப்பிக்குள்ளிருந்து தரையில் விழுந்தது
ஒரு குச்சி.

இவ்வளவு நேரமும்
என் பிடரிக்குப் பின்னால் உட்கார்ந்து
என்னோடு சேர்ந்து
தன்னைத் தேடியிருக்கிறது.

காலுறையோடு படியிறங்கினேன்.
முற்றத்தில் யாருமில்லை, வெயில் மட்டும்.
பலகையில் வைத்தேன்.
"பத்து," என்றேன், சத்தமாக.

இனி சட்டப்படி நான் தேடலாம்.
இவ்வளவு நன்றாக அவர்கள் என்றுமே ஒளிந்ததில்லை:
கறுப்புத் திரைகள், போர்வைகள், பூட்டிய கதவுகள்.
ஆனால் எனக்கு ஜன்னல்கள் தெரியும்.
"நீலோ! இரண்டாம் மாடி, திரைக்குப் பின்னால்!"
ஓடிவந்து பலகையைத் தொட்டேன்.
"துயிஸ்கு! பல் துலக்குகிறாய், பார்த்துவிட்டேன்!"
மூன்றாம் மாடியில் யாரோ பெரியவர்
மணி என்ன தெரியுமா என்று கத்தினார்.
தெரியும். பன்னிரண்டு.
வெய்க்கோ பிடிபட்டான். சைமி பிடிபட்டாள்,
போர்வைக்குள்ளிருந்து கையசைத்து.

மிச்சம் ஒருவன்.

கடைசிப் படிக்கட்டுக் கதவு படாரென்று திறந்தது.
வெறுங்கால், அப்பாவின் ஐஸ் ஹாக்கி பனியன்,
சூரியனை முதுகில் வாங்கிக்கொண்டு
அஸ்லாக் ஓடிவந்தான்.
நானும் ஓடினேன்.

அவனுக்கு முன்னால், எனக்கும் முன்னால்,
நீண்டு வந்த அவன் நிழல்
பலகையை மிதித்தது.

அது செல்லுமா என்பதற்கு
எங்கள் முற்றத்தில் இன்னும் சட்டமில்லை.